சிரிப்பொலியும் வீட்டுத்தமிழும்: பார்வையாளர் முன்னிலையில் பதிவாகும் நகைச்சுவைத் தொடரை முன்வைத்துச் சில திறனாய்வுக் குறிப்புகள்

முன்னுரை

தமிழ்த் திறனாய்வுலகம் தொலைக்காட்சியைப் பொருட்படுத்தி எழுதத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நெடுந்தொடர்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் முறை, விளம்பரங்களின் மொழி, செய்தியறிக்கைகளில் ஒலிப்புப் பிழைகள் ஆகியன பற்றிக் கருத்தரங்குக் கட்டுரைகள் பலவுண்டு. ஆயினும், வீட்டுச் சூழலைக் களமாகக் கொண்டு அரைமணி நேரத்தில் ஒரு சிக்கலை முடிச்சிட்டு அவிழ்க்கும் நகைச்சுவைத் தொடர் நம் ஆய்வுகளில் உரிய இடம் பெறவில்லை. அத்தொடரைப் பார்வையாளர் முன்னிலையில் நடித்துப் பதிவுசெய்யும் முறையோ அறவே கவனிக்கப்படாதது எனலாம்.

இக்கட்டுரை அம்முறையை மொழி நோக்கில் அணுகுகிறது. பதிவரங்கில் எழும் சிரிப்பைப் படைப்பின் புறத்தே நிகழும் ஆரவாரமாகக் கொள்ளாமல், படைப்பின் மொழி குறித்துக் கேட்போர் உடனுக்குடன் வழங்கும் தீர்ப்பாகக் கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து. சிங்கப்பூரில் கேலாங் வட்டாரத்தில் நாம் காண நேர்ந்த ஒரு சிறு பதிவு இதற்கு அடிப்படையாக அமைகிறது. அதனை விளக்கும் முன், நகை பற்றிய நம் மரபுச் சிந்தனையையும் பதிவரங்கச் சிரிப்பின் வரலாற்றையும் சுருக்கமாகக் காண்பது தேவையாகின்றது.

நகை நிறைவெய்தும் இடம்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைக்கும் தொல்காப்பியம், அதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றது. இவற்றுள் பேதைமையும் மடனும் ஒன்றேபோல் தோன்றினும் உரைகாரர்கள் அவற்றை வேறுபடுத்துவர். பேதைமை அறிவின்மை. மடன் என்பது பிறர் அறிவித்ததை ஏற்று, ஏற்றதை இடமறிந்து விடாமல் இறுகப் பற்றி நிற்றல். இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

மெய்ப்பாட்டியல் உரையில் இளம்பூரணர் எடுத்துக்காட்டும் செயிற்றியனார் கருத்து இங்கு இன்னும் முதன்மையானது. நடிப்பவன் செய்வது காண்பவனைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்பது அதன் சாரம். இதன்படி, நகை எழுதியவனிடத்தும் முடிவதில்லை, நடித்தவனிடத்தும் முடிவதில்லை. காண்போர் உள்ளத்தில் எய்தி, அவர்தம் மெய்யில் வெளிப்படும்போதுதான் அது நிறைவெய்துகின்றது. ஏனைய சுவைகளுக்கும் இது பொருந்துமெனினும், அழுகையையும் அச்சத்தையும் காண்போர் மறைத்துக்கொள்ள இயலும். நகை செவிக்குக் கேட்கின்றது. அது எழுந்ததா இல்லையா, எவரிடமிருந்து எழுந்தது, எச்சொல்லுக்குப் பின் எழுந்தது என்பனவற்றை ஒலிவாங்கி ஒன்றால் பதிந்துவிடலாம். பார்வையாளர் இருக்கைகளுக்கு மேலே ஒலிவாங்கிகளைத் தொங்கவிடும் பதிவரங்கம், செயிற்றியனார் கருத்தைக் கருவிகொண்டு மெய்ப்பிக்கும் இடமாக நமக்குத் தோன்றுகின்றது.

பதிவரங்கச் சிரிப்பின் வரலாறு

வானொலி நகைச்சுவை நாடகங்கள் அரங்கில் மக்களை அமர்த்தி ஒலிபரப்பப்பட்ட மரபே தொலைக்காட்சிக்கும் வந்தது. 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரில் இம்மரபு உறுதியான வடிவம் பெற்றது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராயிண்ட் மூன்று படக்கருவிகளை ஒரே நேரத்தில் இயக்கி, பார்வையாளர் முன்னிலையில் காட்சிகளைத் தொடர்ச்சியாகப் படம்பிடிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஒருவர் சொல்வதும் மற்றவர் முகம் மாறுவதும் ஒருசேரப் பதிவாகும் என்பதால், நகைச்சுவைக்காக ஒரே வசனத்தைப் பல கோணங்களில் திரும்பத் திரும்ப நடிக்கும் தேவை குறைந்தது. மக்களின் முதற்சிரிப்பும் சிதையாமல் கிட்டியது.

அதே பத்தாண்டில் ஒலிப் பொறியாளர் சார்லி டக்ளஸ் உருவாக்கிய சிரிப்புப் பொறி இதற்கு நேர்மாறானது. முன்னரே பதிந்துவைத்த பல்வகைச் சிரிப்புகளை விசைகளால் இயக்கி, வேண்டிய இடத்தில் சேர்க்க அது உதவியது. மக்களே இல்லாத படப்பிடிப்புக்கும் சிரிப்பு கிடைத்தது. 1972இல் தொடங்கிய ‘மாஷ்’ தொடரின் படைப்பாளிகள் இச்சிரிப்பை விரும்பவில்லை. நிறுவனம் வற்புறுத்தியதால் சேர்த்தனர். அறுவை அரங்கக் காட்சிகளில் மட்டும் சேர்க்காதிருக்க இசைவு பெற்றனர். பிரிட்டனில் அத்தொடர் சிரிப்பொலியின்றியே ஒளிபரப்பாயிற்று. படைப்பு ஒன்றே, சிரிப்பை நீக்கியதும் அது போரைப் பற்றிய துயர நாடகமாக ஒலித்தது. சேர்க்கப்படும் சிரிப்பு படைப்பின் பொருளையே மாற்றவல்லது என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

தமிழுக்குப் பார்வையாளர் முன்னிலை புதியதன்று. தெருக்கூத்தின் கட்டியங்காரன் ஒருவனே இதற்குப் போதிய சான்று. அரசனும் அரசியும் பாட்டிலும் செம்மொழியிலும் தம்மை அறிவித்துக்கொள்ள, அவன் அவ்வூர்ப் பேச்சில் அவர்களை வினவுவான், ஊர்ச்செய்திகளை நுழைப்பான், மக்கள் சிரிக்கும்வரை காத்திருப்பான். மேலை நாட்டுப் பதிவரங்குகளில் பதிவுக்கு முன்னும் காட்சிகளுக்கு இடையிலும் பார்வையாளரை ஊக்கப்படுத்தி வைத்திருக்க ஒருவர் அமர்த்தப்படுவார். கட்டியங்காரன் கூத்துக்குள் நின்று செய்வதை இவர் கூத்துக்கு வெளியே நின்று செய்கிறார்.

சென்னைச் சபா நாடகங்களும் இவ்வகையில் எண்ணத்தக்கன. எஸ்.வி. சேகரின் நாடகப்பிரியா குழு 1976இல் மேடையேற்றிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகத்தை எழுதிய மோகன், அதன் பெயராலேயே கிரேசி மோகன் என அறியப்பட்டார். 1979இல் தம் சொந்தக் குழுவைத் தொடங்கி, 2019இல் மறையும்வரை மேடையை விடாதிருந்தார். அவருடைய சொல்விளையாட்டுகள் அடுக்கடுக்காக வருவன. ஒரு சிரிப்பு அடங்கும் முன் அடுத்த வசனத்தை எப்போது வீச வேண்டும் என்னும் கணக்கு மேடையில்தான் கைவரும். இத்தகைய நகைச்சுவை தொலைக்காட்சிக்கு வந்தபோது மக்கள் பெரும்பாலும் அரங்கிற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்களுக்குப் பதிலாக ஒட்டிய சிரிப்பொலியோ விந்தையான இசைத்துணுக்கோ வந்து சேர்ந்தது. 2005இல் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’ போன்ற போட்டிகளில் மக்கள் மீண்டும் அரங்கினுள் வந்தனர் எனினும், அவை தனிநபர் துணுக்குகளே. குடும்பமும் களமும் கொண்ட நாடகம் அல்ல.

கேலாங்கில் ஒரு பதிவு

கேலாங்குக்கும் கூடிச் சிரிப்பதற்கும் பழைய உறவுண்டு. 1930களில் ‘ஹேப்பி வோர்ல்ட்’ எனத் தொடங்கி, 1960களில் ‘கே வோர்ல்ட்’ எனப் பெயர் மாறி, 2000ஆம் ஆண்டு மூடப்பட்ட கேளிக்கைப் பூங்கா கேலாங் சாலைக்கும் மவுண்ட்பேட்டன் சாலைக்கும் இடையே இருந்தது. மற்போரும் நடனமும் திரைப்படமும் மலாய் ‘பங்சாவான்’ நாடகமும் ஒரே வளாகத்தில் நடந்தன. பல மொழியினர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, முழுதும் விளங்காத மொழியிலும் சிரித்தனர். 1963இல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியபோதும் பலர் அதனைச் சமூக நிலையங்களில் கூட்டமாக அமர்ந்தே பார்த்தனர். தனித்தனி வீடுகளுக்குள் பார்ப்பது பின்னர் வந்த வழக்கம்.

அதே வட்டாரத்தில், தன்னார்வ இளைஞர் குழு ஒன்று தான் எழுதிய அரைமணி நாடகத்தைச் சிறு மண்டபம் ஒன்றில் மூன்று படக்கருவிகளுடன் பதிவுசெய்ததை நாம் சில ஆசிரிய நண்பர்களுடன் காண நேர்ந்தது. பார்வையாளர் ஏறத்தாழ நூற்றுவர்: முதியோர், நடுத்தர வயதினர், உயர்நிலைப்பள்ளி மாணவர், முன்வரிசையில் தொடக்கப்பள்ளிச் சிறார். ஓரிரவில் ஒரு மண்டபத்தில் கேட்டதைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது என்பதை அறிந்தே இக்குறிப்புகளைத் தருகிறோம்.

நாடகத்தின் கரு எளியது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகனுக்கு மறுநாள் தமிழ் வாய்மொழித் தேர்வு. அன்று மாலை முழுவதும் வீட்டில் எல்லாரும் ‘நல்ல தமிழ்’ மட்டுமே பேச வேண்டும் என்று தந்தை ஆணையிடுகிறார். மீன் வாங்கிவந்த பாட்டி, “பசாருக்குப் போயிட்டு வந்தேன்” என்கிறார். “பசார் இல்லம்மா, சந்தை” என்று மகன் திருத்துகிறார். பாட்டி பையைக் கீழே வைத்துவிட்டு, “அறுவது வருசமா பசாருக்குத்தான் போறேன், சந்தைக்கு ஒருநாளும் போனதில்ல” என்கிறார். முதியோரும் நடுத்தர வயதினரும் வெடித்துச் சிரித்தனர்.

இச்சிரிப்பின் இலக்கு யாது? பாட்டியின் அறியாமையைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை. தேர்வுக்காகக் கற்ற ஒன்றைத் தாயின் மீது திணிக்கும் மகனின் மடனே நகைக்கு இலக்காயிற்று. ஏற்றதை இடமறியாது பற்றி நிற்றல் என உரைகாரர் தந்த விளக்கத்துக்கு இதனினும் பொருத்தமான காட்சி கிடைப்பது அரிது. மலாயிலிருந்து வந்த ‘பசார்’, இந்நிலத்துத் தமிழில் மூன்று தலைமுறைகளாகப் புழங்கும் சொல். ‘கம்பம்’, ‘ஜாகா’, ‘பொங்கூஸ்’ போன்ற சொற்களும் அத்தகையனவே. அவற்றைப் பிழையெனத் திருத்துவோர் சொல்லோடு சேர்த்துப் பாட்டியின் அறுபதாண்டு வாழ்வையும் திருத்தப் பார்க்கின்றனர் என்பதை அச்சிரிப்பு அறிந்திருந்தது.

அடுத்து வந்த காட்சி வேறொன்றைக் காட்டியது. “மின்தூக்கி பழுதாகிவிட்டது” என்று தந்தை சொன்னபோது எவரும் சிரிக்கவில்லை. நாடகத்தை எழுதியோர் அவ்விடத்தில் ஒரு சிரிப்பை எதிர்பார்த்திருந்தனர் என்பது நடிகர் சற்றே நிறுத்தியதிலிருந்து தெரிந்தது. தமிழகத்து மேடையில் அச்சொல் சிரிப்பை எழுப்பியிருக்கலாம். சிங்கப்பூரிலோ அறிவிப்புப் பலகைகளிலும் நாளிதழிலும் செய்தியிலும் பல்லாண்டு புழங்கி அது இயல்பான சொல்லாகிவிட்டது. ஒரு கலைச்சொல் வழக்கில் ஊன்றிவிட்டதா என அறிய வினாப்படிவங்கள் தயாரிக்கிறோம். அந்த மண்டபத்தின் மௌனம் அதே விடையை ஒரு நொடியில் தந்தது.

பாட்டி அதற்கு, “மின்தூக்கி தூக்கலேன்னா யாரு தூக்குறது?” என்று கேட்க வேண்டும். கேட்டார், சிரிப்பு மெலிதாகவே வந்தது. அப்போது பின்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர், “பத்தாவது மாடிக்கு நம்மள நாமேதான் தூக்கணும்!” என்று உரக்கச் சொன்னார். மண்டபம் அதிர்ந்தது. பாட்டியாக நடித்த பெண்மணியும் சிரிப்பை அடக்க இயலாமல் திரும்பிக்கொண்டார். பதிவு நிறுத்தப்பட்டது. மறுபதிவில் அப்பெண்மணி முதியவரின் தொடரையே தம் வசனமாகச் சொன்னார். முதியவர் கைதட்டினார். கேட்போர் படைப்போராக மாறும் இக்கணம் நம் கூத்து மரபில் இயல்பானது. அச்சிடப்பட்ட நாடகத்திலும், மக்களின்றி எடுக்கப்படும் தொடரிலும் அது நிகழ வாய்ப்பில்லை.

சிரிக்காத முன்வரிசை

அன்றிரவு நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது இவை எவையும் அன்று. நாடகத்தின் நடுவே, அறையிலிருந்து வெளிவரும் சிறுவன், பாடநூல் வாக்கியம் ஒன்றை ஒப்பிப்பதுபோல், “அம்மா, எனக்கு மிகவும் பசியாக இருக்கின்றது. நான் உணவு உண்ண விரும்புகின்றேன்” என்கிறான். பெரியவர்கள் சிரித்தனர். உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் அவர்களைவிட உரக்கச் சிரித்தனர். தம் தேர்வு நாள்கள் நினைவுக்கு வந்திருக்கலாம். முன்வரிசைச் சிறார் சிரிக்கவில்லை. சிலர் பின்னால் திரும்பி, பெரியவர்கள் எதற்குச் சிரிக்கின்றனர் என்று பார்த்தனர்.

அவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று கொள்வதற்கில்லை; தந்தை சோபாவில் இடறி விழுந்தபோது அவர்களே முதலில் சிரித்தவர்கள். சிறுவனின் வாக்கியத்தில் அவர்கள் நகைப்புக்குரியதாக எதையும் காணவில்லை. வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, மேடையிலும் ஏட்டிலும் வரும் தமிழ் ஒன்று என இரண்டையும் அறிந்தவருக்கே ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரும்போது நகை பிறக்கும். இரட்டை வழக்கு மொழி என்று நாம் வகுப்பறையில் விளக்கும் தன்மையை ஒருவர் உள்வாங்கியுள்ளாரா என்பதற்கு அச்சிரிப்பே சான்று. வீட்டில் ஆங்கிலமே பேசி, தமிழைப் பள்ளியில் மட்டும் கேட்கும் குழந்தைக்குப் பாடநூல் தமிழே முழுத்தமிழ். அக்குழந்தைக்கு அவ்வாக்கியம் பிழையற்ற, பாராட்டுக்குரிய வாக்கியம். மெய்யாகவே அது பிழையற்றதுதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்நிலையின் பின்புலத்தைக் காட்டுகின்றது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். அதே காலத்தில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வெண்களை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவற்றின் ஒலிவடிவத்தை, அதாவது சிரிப்பு எழ வேண்டிய இடத்தில் ஒரு வரிசை மட்டும் அமைதியாக இருப்பதை, அன்றுதான் கேட்டோம்.

படக்கருவி ஒன்றின் கோளாறால் அக்காட்சியை மறுபடியும் நடிக்க நேர்ந்தது. மறுபதிவில் பெரியவர்களின் சிரிப்பு உதவும் எண்ணத்தோடு எழுந்த நல்லெண்ணச் சிரிப்பு; அதன் ஓசையே வேறு. இம்முறை சிறாரும் சிரித்தனர். எங்குச் சிரிக்க வேண்டும் என்பதை அவர்கள் முதற்பதிவில் பெரியவர்களிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தனர். ஒட்டிய சிரிப்பொலி செய்வதும் இதுவே: காரணம் விளங்காதவருக்கும் இடத்தைக் காட்டிவிடுகின்றது. மறுபதிவை மட்டும் தொலைக்காட்சியில் காண்பவர், எல்லா வயதினரும் ஒருசேரச் சிரித்தனர் என்றே கொள்வர். அந்த அமைதி முதற்பதிவில் மட்டுமே உண்டு.

எவர் சிரிப்பு, எவர் மேல்?

பதிவரங்கச் சிரிப்பை மொழிக்குச் சான்றாகக் கொள்வதில் ஓர் இடரும் உண்டு. சிரிப்பு எப்போதும் நீதியின் பக்கம் நிற்பதில்லை. லண்டனில் தயாராகி 1977 முதல் 1979 வரை ஒளிபரப்பான ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரை நம் வாசகர் பலர் அறிவர். வயது வந்த அயல்நாட்டவர் ஆங்கிலம் கற்கும் வகுப்பறை அதன் களம். இந்தியரும் பாகிஸ்தானியரும் சீனரும் ஆங்கிலத்தைச் சிதைப்பதே அதன் நகை. இனப்பண்புகளை இழிவாகக் காட்டுகிறது என்று தொலைக்காட்சி நிறுவனத்தினுள்ளேயே கருதப்பட்டு அது நிறுத்தப்பட்டது. வியப்பு என்னவெனில், எள்ளப்பட்ட மக்கள் வாழும் ஆசிய நாடுகளில் அது பல்லாண்டு விரும்பிப் பார்க்கப்பட்டது. அயலார் அரங்கில் எழுந்த எள்ளல் நம் வீட்டில் தன்னையே நகையாடும் இன்பமாக மாறியது போலும். அமெரிக்காவின் ‘ஆல் இன் த ஃபேமிலி’ தொடரிலும் இவ்விருமை காணப்பட்டது. இனவெறுப்பு கொண்ட ஆர்ச்சி பங்கரை நையாண்டி செய்யவே அது எழுதப்பட்டது. எனினும், வெறுப்புணர்வு கொண்ட நேயர்கள் ஆர்ச்சியைத் தம்மவராகவே கண்டனர் என 1974இல் விட்மாரும் ரொக்கீச்சும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரே சிரிப்பொலிக்குள் இருவேறு சிரிப்புகள் கலந்திருக்கலாம்.

சிங்கப்பூர் இச்சிக்கலை ஆங்கிலத்தில் எதிர்கொண்டது. 1995இல் தொடங்கிய ‘அண்டர் ஒன் ரூஃப்’ அடுக்குமாடிக் குடும்ப நகைச்சுவைக்கு வழிவகுக்க, 1997 முதல் 2007 வரை வந்த ‘புவா சூ காங்’ தொடரில் குர்மிட் சிங் ஏற்ற வீட்டுப் புதுப்பிப்புக் குத்தகைக்காரர் பாத்திரம் சிங்கிலிஷ் பேசியே நாடெங்கும் புகழ்பெற்றது. 1999 தேசிய தினக் கூட்ட உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் அப்பாத்திரத்தின் மொழியைச் சுட்டிக்காட்டி, அவரை ஆங்கில வகுப்புக்கு அனுப்புமாறு கேட்டுக்கொண்டதாகத் தெரிவித்தார். மறு ஆண்டு நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியது. ஒரு நாட்டின் தலைமை, நகைச்சுவைப் பாத்திரம் ஒன்றைத் தன் உரையில் எடுத்துப் பேசும் அளவுக்கு அச்சிரிப்புக்கு ஆற்றல் இருந்தது. மக்கள் அவரைப் பார்த்துச் சிரித்தனரா, அவரோடு சேர்ந்து சிரித்தனரா என்பதே அன்றைய வாதத்தின் உட்கிடை.

தமிழுக்கு இவ்வகையில் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகள் கும்மாளம்’. 1976இல் ‘கோமாளிகள்’ எனத் திரைப்படமாகவும் வந்தது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி எனப் பாத்திரந்தோறும் பேச்சு மாறும். முஸ்லிம் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் சிங்களவர் பேசும் தமிழும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். எந்தப் பேச்சும் மற்றதற்கு அளவுகோலாக நிற்பதில்லை. ஒவ்வொருவரும் தம்முறை வரும்போது நகைக்கு ஆளாகின்றனர். மற்றவர் முறையில் நகைக்கின்றனர். கேலாங் மண்டபத்தில் கேட்டதும் பெரும்பாலும் இத்தகைய சிரிப்பே.

தமிழாசிரியரும் நகைப்பாத்திரமும்

நகைச்சுவைத் தொடர் என்றதும் தமிழாசிரியர்கள் முகஞ்சுளிப்பதற்கு நியாயமான காரணமுண்டு. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி 1941இல் வந்த ‘சபாபதி’ திரைப்படத்தில் கே. சாரங்கபாணி ஏற்ற தமிழாசிரியர் தொடங்கி, செந்தமிழ் பேசுபவர் கேலிக்குரியவர் என்னும் படிமம் நெடுங்காலமாகத் தொடர்கின்றது. தாம் காப்பாற்ற முயலும் மொழியே தம்மை எள்ளுவதற்குக் கருவியாவதைக் கண்டவர்களுக்குச் சிரிப்பு பகையாகத் தோன்றுவது இயல்பு.

ஆயினும், நாம் கண்ட நாடகத்தில் நகைக்கு இலக்கானது செந்தமிழ் அன்று. இடம் மாறிய செந்தமிழே இலக்கு. தேர்வு அறையில் அச்சிறுவனின் வாக்கியத்தைக் கேட்டு எவரும் சிரிக்கமாட்டார். 2005இல் சிங்கப்பூரின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் அளிக்குமாறு பரிந்துரைத்தது இவ்வேறுபாட்டை உணர்ந்தே எனலாம். அதன்பின் பேச்சுத்தமிழ் பாடப்பொருளாயிற்று. ஆனால், பாடமாகக் கற்கும் பேச்சுத்தமிழும் மற்றொரு தேர்வுத்தமிழாகிவிடும் இடர் உண்டு. எங்குப் பேசினால் அது பொருந்தும், எங்குப் பேசினால் நகைப்புண்டாகும் என்னும் உணர்வு மதிப்பெண் பட்டியலால் வருவதன்று. பலர் நடுவே கேட்டு, சிரித்து, சிரிக்கப்பட்டு வருவது. அவ்வுணர்வைத் தந்துவந்த வீடுகள் குறையும்போது வேறோர் இடம் தேவைப்படுகின்றது. பார்வையாளர் முன்னிலையில் பதிவாகும் தமிழ் நகைச்சுவைத் தொடர் அவ்விடமாகக்கூடும் என்பது நம் கருத்து.

2000இல் வசந்தம் சென்ட்ரலாகத் தொடங்கி, 2008இல் தனி ஒளிவழியான வசந்தம் உள்ளிட்ட நிறுவனங்கள் இம்முறையை எண்ணிப் பார்க்கலாம். செலவைப் பொறுத்தவரை களம் ஓரிரண்டே. வெளிப்புறப் படப்பிடிப்பு தேவையில்லை. ஆனால் ஒத்திகை மிகுதியாக வேண்டும். நடிகர் மேடைப்பயிற்சி உடையவராக இருத்தல் வேண்டும். சிரிப்பு எழாத வசனத்தை உடனே மாற்றவல்ல எழுத்தாளர் அரங்கிலேயே இருத்தல் வேண்டும். பள்ளிகள் அளவிலும் இது இயலும். மாணவர் எழுதி நடிக்கும் சிறு நாடகத்தைப் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் கூடிய அவையில் பதிவுசெய்து, பின்னர் வகுப்பறையில் போட்டுக் காட்டி, எங்கு எவர் சிரித்தனர், எவர் சிரிக்கவில்லை, ஏன் என மாணவரையே ஆராயச் செய்யலாம். இரட்டை வழக்கைப் பற்றிய பாடம் இதனினும் தெளிவாக அமைய இயலாது. அவ்வாறு பதியுங்கால் ஒன்றைக் கடைப்பிடித்தல் நன்று: முதற்பதிவின் ஒலியை அழித்தலாகாது, பிற்சேர்க்கைச் சிரிப்பைச் சேர்த்தலும் ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பார்வையாளர் முன்னிலையில் பதிவாகும் நகைச்சுவைத் தொடர் கலைவடிவமாக மட்டுமன்றி, மொழியின் நிலையை உணர்த்தும் கருவியாகவும் அமைவது புலனாகும். அதன் சிரிப்பு, வழக்கில் வேரூன்றிய மலாய்ச்சொல்லுக்கு வாழ்வுரிமை அளிக்கின்றது. அதன் மௌனம், புதிதாக ஆக்கிய சொல் இயல்பாகிவிட்டதை அறிவிக்கின்றது. ஒரு வரிசையில் சிரிப்பும் மறுவரிசையில் அமைதியுமாகப் பிரியும்போது, தலைமுறைகளுக்கிடையே எத்தமிழ் கைமாறவில்லை என்பது தெரிகின்றது.

செந்தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கின்றனரே என்று வருந்தும் ஆசிரியர் பலரை நாம் அறிவோம். அவர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. இடம் மாறிய தமிழைக் கேட்டுச் சிரிக்கும் மாணவன் இரண்டு தமிழும் அறிந்தவன். அவனைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. பாடநூல் வாக்கியத்தை வீட்டுக்குள் கேட்டும் வியப்பின்றி அமர்ந்திருக்கும் குழந்தைக்கே நம் உழைப்பு முதலில் சென்றடைய வேண்டும். பாட்டி ஏன் பசாருக்குப் போகிறார் என்பதையும் சந்தை என்பது என்ன என்பதையும் ஒருசேர அறிந்து, அவ்விரண்டுக்கும் இடையே உள்ள நகையைத் தானே கண்டுகொள்ளும் நாளில்தான் அக்குழந்தை தமிழ் கற்றதாக நாம் கொள்ள இயலும்.